மாடல் ஃப்ளாட் மாமா

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் முதல் பக்கம் முழுவதையும் ஒரு கட்டடமே வாங்கிக்கொண்டு நின்றால், மற்றவர்கள் அதைப் புரட்டிவிட்டுச் செய்தியைத் தேடுவார்கள். மாமா அங்கேயே நின்றுவிடுவார். எம்.ஆர்.சி. நகரிலோ ராஜா அண்ணாமலைபுரத்திலோ இருபது இருபத்தைந்து மாடி எழும்புகிறது, நாலு பெட்ரூம், 6 கோடியில் தொடக்கம் என்று போட்டிருந்தால் போதும். பத்து மணிக்குள் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில், பையில் டேப்போடு தயாராகிவிடுவார்.

அவர் குடியிருப்பது மேற்கு மாம்பலத்தில், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடிகளைப் பார்த்ததெல்லாம் லெட்ஜரில், அதுவும் அடுத்தவர் பெயரில். சமையலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டுகிறது. வாஷர் மாற்ற ஆள் கூப்பிடச் சொல்லி மாமி கேட்டால், "ஞாயித்துக்கிழமை எனக்கு ஏது நேரம்?" என்பார்.

ஆசைப்பட்டுப் போகிறார் என்று நினைத்தால் தப்பு. சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டபடி, பாடகர் எங்கே நழுவுகிறார் என்று காத்திருப்பவரைப் பார்த்திருப்பீர்கள். மாமா அந்த ரகம்.

ஆட்டோவைத் தெருமுனையிலேயே அனுப்பிவிட்டு நடந்துதான் உள்ளே வருவார். செக்யூரிட்டி பார்வையாலேயே "கார்?" என்று கேட்டால், "டிரைவர் சுத்திண்டிருக்கான், பார்க்கிங் இல்லை" என்று பொதுவாகச் சொல்லி வைப்பார். நிரப்பச் சொல்லும் படிவத்தில் 'பட்ஜெட்' என்ற கட்டத்தில் ஒரு கோடு. பெரிய பணக்காரர்கள் அப்படித்தான் போடுவார்கள் என்று விற்பனைத் தம்பிக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள் போல; உடனே இளநீர் வந்துவிடும்.

முதல் சுற்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொம்மைக் கட்டடத்தின் முன்னால். தம்பி லேசர் விளக்கால் கடலைக் காட்டுவார். மாமா கடலைப் பார்க்க மாட்டார். இடையில் பச்சை அட்டை ஒட்டியிருக்கும் காலி இடத்தைப் பார்ப்பார்.

"இது யாரோட மனை, தம்பி?"

"அது... நம்ம ப்ராஜெக்ட்ல வராது சார்."

"அவன் நாளைக்கு முப்பது மாடி கட்டினா இந்தக் கடல் யாருக்கு?"

தம்பி சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி, அங்கே ரிவர் ஃபேசிங் இருக்கிறது என்பார். அங்கேயும் தப்ப முடியாது. "ஆறு எந்தப் பக்கம் ஃபேஸ் பண்ணும்னு அது முடிவு பண்றது தம்பி. 2015 டிசம்பர்ல அடையாறு கோட்டூர்புரத்தைப் பார்த்துத் திரும்பினதைக் கண்ணால கண்டவன் நான்." அந்த டிசம்பரில் தம்பி ஒன்பதாம் வகுப்பு, மழைக்கு லீவு விட்டதுதான் நினைவிருக்கும். ஆறாம் மாடி நீச்சல்குளத்தைக் காட்டினால் இன்னும் மோசம். மெட்ரோ வாட்டரா, லாரியா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல், 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்த ஊர் இது என்று ஞாபகப்படுத்துவார்.

மாடல் ஃப்ளாட்டுக்குள் நுழைந்தபின்தான் கச்சேரி களைகட்டும். இத்தாலிப் பளிங்கைத் தொடமாட்டார், ஜெர்மன் குழாயைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். நேரே படுக்கைக்குப் போய் டேப்பை விரிப்பார். மாடல் ஃப்ளாட்டுகளில் சில இடங்களில் ஆறடிக்குக் குறைவாகவே கட்டில் செய்து போட்டிருப்பார்கள். அறை பெரிதாகத் தெரியும். கதவுகளையும் மாட்டியிருக்க மாட்டார்கள். திறக்கிற கதவுக்கு இடம் வேண்டுமே. இது தெரியாமல் நானும் ஒருமுறை அவரோடு போய் "அடேயப்பா, எவ்வளவு விசாலம்!" என்றேன். திரும்பி வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

"2,850 ஸ்கொயர் ஃபீட் சார்" என்று தம்பி ஆரம்பித்தால், "கார்ப்பெட் ஏரியா சொல்லுப்பா" என்பார் மாமா. பாவம், அந்தத் தம்பிக்குத் தெரியாது, 2016-ம் வருஷத்து ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை மாமா சகஸ்ரநாமம் மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறார் என்று. உள்சுவர் கணக்கில் சேரும், வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது. வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தைக் கட்டுமானத்துக்கும் நிலத்துக்குமென்று தனி வங்கிக் கணக்கில் போட்டாக வேண்டும். ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டடத்தில் விரிசல் மாதிரிக் குறை வந்தால் கட்டினவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். யு.டி.எஸ்., அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு? மாடி ஏற ஏற ஃப்ளோர் ரைஸ் எவ்வளவு? கார்ப்பஸ் ஃபண்டுக்கு வட்டி யாருக்கு? தம்பி மேலாளரைக் கூப்பிடுவார். மேலாளர் கால்குலேட்டரை எடுப்பார்.

மாமாவுக்குக் கால்குலேட்டர் வேண்டாம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2. ஆக 6 கோடிக்கு 54 லட்சம். கட்டி முடிக்காத வீடென்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 30 லட்சம். "டி.டி.எஸ். ஒரு சதவீதம், 6 லட்சம், நான் பிடிச்சுண்டுதான் கொடுப்பேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் கறாரைப் பார்த்தால், மீதி 5 கோடியே 94 லட்சம் மாம்பலத்து அலமாரியில் இருக்கிறதென்று நானே நம்பிவிடுவேன்.

கழன்றுகொள்வதற்கும் அவரிடம் ஒரு பட்டியல் உண்டு. நியூ ஜெர்சியில் இருக்கும் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்பது சாதாரண நாளுக்கு. ஈசான்ய மூலையில் டாய்லெட் இருக்கிறதே என்பது, விடாமல் துரத்துகிறவர்களுக்கு. அவர் வீட்டு ஈசான்யத்தில் பழைய பேப்பர் கட்டு இருக்கிறது. அது வேறு விஷயம். ஆனால் எந்த இடத்திலும் விலை அதிகம் என்று மட்டும் சொல்லமாட்டார். அதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்.

இதில் எனக்குப் பிடிபடாதது வாங்குகிறவர்கள்தான். ஒருநாள் மாமா கார்ப்பஸ் ஃபண்டில் இருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா ஜன்னலில் நின்று கடலோடு செல்ஃபி எடுத்தார். கணவர் இரண்டு கார் பார்க்கிங் கிடைக்குமா என்று கேட்டார். அதோடு அவர்கள் விசாரணை முடிந்தது. பிறகு மாமாவின் கேள்விகளைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்த அவர், மெதுவாகப் பக்கத்தில் வந்து, "சார், இவ்வளவு விவரம் தெரிஞ்ச நீங்களே இதைப் பார்க்கறீங்கன்னா..." என்று இழுத்தார்.

மாமா பொய் சொல்லவில்லை. "பதினெட்டாவது மாடியைப் பார்த்துண்டிருக்கேன்" என்றார்.

அந்தக் கணவர் பதினேழாவதற்கு அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தார்.

மேலாளர் விவரமான ஆள். அடுத்த வியாழக்கிழமையே போன் வந்தது. நுங்கம்பாக்கத்தில் புதிதாக ஒரு ப்ரீ-லாஞ்ச் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை நாற்பது குடும்பங்கள் வருகிறார்களாம், மாமாவும் வந்து வழக்கம்போல நாலு கேள்வி கேட்டால் நன்றாக இருக்குமாம், வண்டி அனுப்புகிறார்களாம்.

மாமா போனைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டார்:

"ரெரா நம்பர் வாங்காம நீங்க ப்ரீ-லாஞ்ச் பண்ணவே கூடாதே. வாங்கியாச்சா?"