நன்றியுரை மட்டும் நன்றாக வருவது ஏன்?

தமிழ் ஆய்வேடுகளில் மிகச் சிறந்த உரைநடை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன்: நன்றியுரையில். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். மேசைமேல் வந்து விழுவது முதுகலை மாணவரின் ஆய்வேடோ முனைவர் பட்ட ஆய்வேடோ, முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். மாதக் கடைசியில் பேருந்துக்குக் காசு கொடுத்த அத்தை, கடையை அடைத்த பிறகும் உட்கார்ந்து மூன்றாம் இயலைத் தட்டச்சு செய்து கொடுத்த டி.டி.பி. அண்ணன், "எப்பப்பா முடிப்பே?" என்று ஒருநாளும் கேட்காத ஒரே ஒரு சித்தப்பா. படிக்கும்போதே கண் கலங்கிவிடும். அடுத்து இயல் ஒன்று: 'ஆதிகாலம் தொட்டே மனிதன் கூடி வாழ்ந்து வருகிறான்.' கலங்கிய கண் அப்படியே மூடிக்கொள்ளும்.

இரண்டையும் எழுதியது ஒரே கைதான். நன்றியுரை எழுதும்போது மாணவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. எதை யாரிடம் பெற்றோம் என்பது துல்லியமாகத் தெரிகிறது. ஒருவரையும் விட்டுவிடக் கூடாதே என்ற பயமும் இருக்கிறது. ஆய்வெழுத்துக்கு வேண்டிய இலக்கணம் முழுக்க இதில் அடக்கம். இயல் ஒன்றிலோ சொல்ல எதுவும் இல்லை, பக்கம் மட்டும் நிரம்ப வேண்டும். வேறு வழியில்லாமல் கற்காலத்திலிருந்து கிளம்புகிறார்.

கோளாறு தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் ஒரு மாணவர் வந்து நிற்பார்.

"ஐயா, தலைப்பு முடிவு பண்ணிட்டேன். 'சங்க இலக்கியத்தில் இயற்கை: ஓர் ஆய்வு.'"

"சங்க இலக்கியத்துல மொத்தம் 2,381 பாட்டு, தம்பி. அதுல இயற்கை இல்லாத பாட்டைத் தேடுறதுதான் கஷ்டம்."

"அதனாலதான் ஐயா எடுத்தேன். நிறைய கிடைக்கும்."

"கிடைக்கிறதை வெச்சு என்ன கண்டுபிடிக்கப் போறீங்க?"

"இயற்கை இருக்குன்னு, ஐயா."

கருதுகோள் அங்கேயே நிரூபணம் ஆகிவிட்டது. நம் ஆய்வேடுகளில் கருதுகோள் தோற்றுப்போனதாக நான் இதுவரை படித்ததில்லை. தேர்தலில் நின்றால்கூட அதற்கு இவ்வளவு வெற்றி கிடைக்காது.

தம்பியை உட்காரவைத்துக் குறுந்தொகையைக் கையில் கொடுத்தேன். 21ஆம் பாட்டிலும் 66ஆம் பாட்டிலும் கொன்றை பூத்திருக்கிறது. கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று போன தலைவன் வந்தபாடில்லை. 21இல் தலைவி பேசுகிறாள்: இது கார்காலம் என்று காடே சொன்னாலும் நம்ப மாட்டாளாம், அவர் பொய் சொல்கிற ஆள் இல்லையாம். 66இல் தோழி பேசுகிறாள்: பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டதாம், கொன்றைக்கு அறிவே போதாதாம். வராதவன் அவன், திட்டு வாங்குவது மரம்.

"பார்த்தீங்களா தம்பி? ஒரே பூ, ஒரே சாக்கு. ஒருத்தி தானா நம்புறா, இன்னொருத்தி நம்ப வைக்கிறா. இந்த மாதிரி வேற எங்கெல்லாம் வருது, யார் யார்கிட்ட சொல்றாங்க, தேடுங்க. இது கேள்வி."

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா இதுக்கு நூறு பக்கம் வருமா?"

வாசிப்புக்கு வருவோம். வாசிப்பது என்றால் மஞ்சள் நிறப் பேனாவால் கோடு போடுவது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரு வரி, பத்தாம் பக்கத்தில் ஒரு பத்தி, ஐம்பதாம் பக்கம் வருவதற்குள் புத்தகத்துக்கே மஞ்சள் நீராட்டு விழா நடந்து முடிந்துவிடும். அப்புறம் கோடு விழாத வரிதான் பளிச்சென்று கண்ணில் படும். நான் சொல்லும் வழி பழையது. முன்னுரையையும் பொருளடக்கத்தையும் முதலில் பாருங்கள். ஓர் இயலைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் ஒரு துண்டுத்தாளில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் படிக்கவில்லை என்று பொருள், திரும்பப் படியுங்கள். தாளின் தலையில் நூல், பதிப்பு ஆண்டு, பக்க எண் மூன்றும் இருக்கட்டும். பக்க எண் இல்லாத குறிப்பு, ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய வாரத்தில் சரியாகப் பழிவாங்கும்.

புத்தகம் எங்கே என்பது அடுத்த பாடு. புத்தகம் இருப்பது பயன்படுவதற்கே என்று சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே நூலக இயலின் முதல் விதியாக எழுதிவிட்டார். சில துறை நூலகங்களின் அலமாரிச் சாவிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, வழிகாட்டியும் இல்லாமல் உதவித்தொகையும் இல்லாமல் ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் சேர்த்துவைத்தார். பல நாட்டு ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி, அவை இப்போது இருக்கும் தரமணிக்கு வருகிறார்கள். சென்னைக்குப் பேருந்து ஏறினால் நம் மாணவரும் வரலாம்.

அவரோ சாட்ஜிபிடியிடம் போகிறார். அது தருகிற துணைநூற்பட்டியல் சில சமயம் அபாரமாக இருக்கும். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் கச்சிதம், புத்தகம் மட்டும் உலகத்தில் இருக்காது. அப்படி ஒரு பட்டியலோடு வந்த மாணவியைக் கன்னிமாராவுக்கு அனுப்பினேன். 1896இல் திறந்த நூலகம். இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே வந்தாக வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. திரும்பி வந்தவர், "அங்கேயும் இல்லைங்க ஐயா, அவ்வளவு அபூர்வமான புத்தகம் போல" என்றார்.

அடுத்தது நகல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. நம்மவர்கள் அந்தப் பத்தை ஆடித் தள்ளுபடி போல எடுத்துக்கொண்டார்கள். மீதியைக் குறைக்க ஒரு வித்தையும் உண்டு. 'மழை பெய்தது' என்பதை 'மாரி பொழிந்தது' என்று மாற்றிவிடுவது. இதற்கென்று ஒரு செயலியைப் பிடித்த மாணவரின் இயலில் புதுமைப்பித்தன் 'நவீனப் பைத்தியம்' ஆகியிருந்தார். இவ்வளவு பாடும் வீண். மேற்கோள் குறி போட்டு, இன்னார் சொன்னது என்று மூலத்தைக் காட்டிவிட்டால் அந்த வரி ஒப்புமைக் கணக்கிலேயே வராது. பேருந்துக் காசுக்கு அத்தை பெயரைச் சொல்லத் தெரிந்தவருக்கு, கருத்துக்கு அதன் சொந்தக்காரர் பெயரைச் சொல்ல மட்டும் ஏன் வாய் வருவதில்லை?

ஒரு கேள்வியிலிருந்து ஆய்வைத் தொடங்குவதற்கு நமக்கு முன்னோடி கும்பகோணத்தில் இருந்திருக்கிறார். 1880இல் அங்கே கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையர், முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. பிறகு ஏடு கிடைத்தும் விளங்கவில்லை, சமணச் செய்திகள் தடுத்தன. இன்றைய ஆய்வாளராக இருந்தால் 'சிந்தாமணியில் இயற்கை' என்று தலைப்பை மாற்றியிருப்பார். ஐயரோ கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே போய், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் அவர் பதிப்பித்த சிந்தாமணி அச்சில் வந்தது. ஒரு முன்சீப் கேட்ட ஒற்றைக் கேள்விக்கு ஏழு ஆண்டு உழைப்பு.

ஆகவே, ஆய்வு செய்ய வரும் தம்பி தங்கைகளே, வாய்மொழித் தேர்வன்று வருகிறவர்களுக்குச் சாம்பார் சாதமா பிரியாணியா என்ற கவலையைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். முதல் வாரத்தில், விடை உங்களுக்கே தெரியாத ஒரு கேள்வியோடு வாருங்கள். பக்கம் குறைந்தால் குறையட்டும். திருத்துகிற எங்களுக்கும் கண் வலிக்காது.