ஏ, கே, கே, க்யூ

வைரஸால் நான் இழந்தது கொஞ்சம்தான். வைரஸ் வந்துவிட்டது என்று பயந்து நானே இழுத்துவிட்டுக்கொண்டதற்குத்தான் கணக்கில்லை.

தமிழ் அடிப்பதற்கு ஒரு சின்ன இலவச மென்பொருள் வைத்திருந்தேன். பல வருடமாக ஓசைப்படாமல் வேலை பார்த்தது. ஆன்டிவைரஸ் ஒருநாள் தன்னை அப்டேட் செய்துகொண்ட கையோடு, திரையின் வலது மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழும்பியது: ட்ரோஜன் பிடிபட்டது, குவாரன்டைனில் அடைத்தாயிற்று. கட்டுரை கொடுக்கக் கடைசி நாள் அன்றுதான். தமிழ்99 பழகிய விரல்கள் 'அம்மா' என்று அடித்தால் திரையில் ஏ, கே, கே, க்யூ என ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, செட்டிங்ஸில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் கோபப்படுவது. போனை எடுத்து அந்த மென்பொருளை எழுதிய பையனுக்கு ஒரு நீண்ட கடிதம் தட்டினேன். "தமிழ்ச் சேவை என்ற பெயரில் இப்படிச் செய்யலாமா?" என்றெல்லாம் கேட்டிருந்தேன்.

அன்று இரவே பதில் வந்தது. "சார், நீங்க ஒரு விசையைத் தட்டினதும் அது வேர்டுக்குப் போறதுக்கு முன்னாடி என் புரோகிராம் அதைப் பிடிச்சு, தமிழ் எழுத்தா மாத்தி அனுப்பணும். பாஸ்வேர்டு திருடுற கீலாகரும் அதே இடத்துல நின்னுதான் விசையைப் பிடிக்குது. ஆன்டிவைரஸுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்." பெரிய கம்பெனிகள் தங்கள் மென்பொருளில் டிஜிட்டல் கையொப்பம் இட்டு அனுப்புவார்களாம். அந்தச் சான்றிதழுக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். இலவசமாகக் கொடுப்பவன் எங்கே போவான்? பயன்படுத்துபவர்களும் கொஞ்சம் பேர் என்பதால், இது யாரென்றே தெரியாத கோப்பு என்ற சந்தேகம் வேறு. தவறான புகார் என்று ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு ஏற்கெனவே எழுதிவிட்டானாம். கடைசி வரியில், "கட்டுரை அவசரம்னா போன்ல பேசி அனுப்புங்க சார், நான் அடிச்சுத் தரேன்" என்றிருந்தது. வெட்கத்தோடு பேசி அனுப்பினேன். பிழையில்லாமல் அடித்துத் தந்தான்.

அதோடு கட்சி மாறினேன். ஆன்டிவைரஸ்கள் மானம்போன கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் அப்டேட் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான 'எஸ்விசிஹோஸ்ட்' கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் அணைந்து அணைந்து எழுந்தன. 2011-ல் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸ் கூகுள் குரோமைப் பாஸ்வேர்டு திருடன் என்றது. 2012-ல் சோஃபோஸ் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: தன்னை அப்டேட் செய்யும் கோப்பையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. டீக்கடையில் யாராவது கம்ப்யூட்டர் என்று வாயெடுத்தால் போதும், இந்த மூன்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் விடுவேன்.

கொள்கை செயலிலும் வந்தது. அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில், டி டிரைவ் முழுவதற்கும் கொடுத்துவிட்டேன். அக்கா மகன் பார்த்துவிட்டு, "இதுக்கு ஆன்டிவைரஸையே எடுத்திருக்கலாமே மாமா" என்றான். கிண்டல் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

பிறகு, பழைய பாமினி எழுத்துருக்கள் வேண்டுமென்று தெரிந்தவர் ஒருவரிடம் பென்டிரைவ் வாங்கினேன். செருகியதும் சிவப்புப் பெட்டி. 'உன்னைத் தெரியாதா' என்று அனுமதி கொடுத்தேன். அதே பென்டிரைவில் என் கட்டுரைகளைப் போட்டு டிடிபி சென்டருக்கும் கொண்டுபோனேன். மறுநாள் அங்கிருந்து போன். "சார், உங்க டிரைவ்ல இருந்து ஏதோ ஏறிடுச்சு." நான் 2010-ல் தொடங்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். குரோமைத் தாண்டி சோஃபோஸுக்கு வந்தபோது மெதுவாகக் குறுக்கிட்டார். "அதெல்லாம் சரி சார். உங்க போல்டர் ஐகான் மூலைல குட்டியா ஒரு அம்புக்குறி இருக்கா பாருங்க." இருந்தது. எல்லா போல்டரிலும் இருந்தது. ஷார்ட்கட் வைரஸ், குழந்தைக்குக்கூடத் தெரிந்த வகை.

இப்போது மறுபடியும் பயந்த கட்சி. எது வந்தாலும் வைரஸ்டோட்டல் இணையதளத்தில் ஏற்றிவிடுகிறேன். ஏறக்குறைய எழுபது ஆன்டிவைரஸ்களை வைத்து ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்கிறது. ஒன்றிரண்டு மட்டும் 'ஜெனரிக்' என்று பொதுப்படையாகக் கத்தி, மற்றதெல்லாம் சும்மா இருந்தால் பெரும்பாலும் பொய்ப் புகார் என்பதுவரை தேறிவிட்டேன். அங்கே ஏற்றும் கோப்புகளை, பணம் கட்டிய பாதுகாப்பு நிறுவனங்கள் இறக்கிப் பார்க்கலாம் என்பதைத்தான் தாமதமாகப் படித்தேன். அதற்குள், கருத்துச் சொல்லச் சொல்லி நண்பர் ரகசியமாக அனுப்பிய அச்சேறாத நாவலை ஏற்றியிருந்தேன். ஓர் என்ஜின்கூட அதில் குறை காணவில்லை. நண்பரிடம் அதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.