முதலில் யார் எழுந்திருப்பது?

லினக்ஸில் 20ஐ விட 100 சின்னது. கணக்கு வாத்தியார் காதில் விழுந்தால் நம் காதைத் திருகுவார். ஆனால் பழைய சர்வர்களைக் கட்டி மேய்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விட்டுவிட்டு ஆமாம் என்பார்கள்.

மெஷினை ஆன் செய்ததும் எந்த சர்வீஸ் முதலில் கிளம்ப வேண்டும் என்பதை அந்தக் காலத்தில் ஃபைலின் பெயரே தீர்மானித்தது. எஸ் என்று தொடங்கினால் ஸ்டார்ட், கே என்றால் கில். பக்கத்தில் இரண்டு இலக்க எண், பிறகு சர்வீஸின் பெயர். ரெட்ஹேட் லினக்ஸில் நெட்வொர்க்குக்கு எஸ்10, கடைக்குட்டி லோக்கலுக்கு எஸ்99. எல்லாம் அகராதி வரிசை.

எங்கள் அலுவலக நண்பர் ஒருவர், பேக்கப் ஸ்கிரிப்ட் எல்லாருக்கும் கடைசியாக ஓடட்டும் என்று தாராள மனதோடு எஸ்100 கொடுத்தார். அகராதிக்குக் கூட்டல் கழித்தல் தெரியாது. எஸ், ஒன்று, பூஜ்யம் வரை பேக்கப்பும் நெட்வொர்க்கும் சமம். அடுத்து இங்கே இன்னொரு பூஜ்யம், நெட்வொர்க்குக்கு ஓர் எழுத்து. எழுத்தை எண் முந்திவிடும். ஆக, நெட்வொர்க் கண் விழிக்கும் முன்பே பேக்கப் எழுந்து, வேறு ஊரில் இருக்கும் சர்வரைத் தேடி, காணோம் என்று லாகில் எழுதிவிட்டுச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. நண்பர் கேபிளை மாற்றினார். ஸ்விட்சை மாற்றினார். கேபிள் விற்றவரோடு சண்டையும் போட்டார்.

கடைசியில் ஸ்கிரிப்டைப் பின்னணிக்குத் தள்ளி, எல்லாரும் போடுகிற கைமருந்தையே போட்டார்: ஸ்லீப் 30. அரை நிமிஷம் தூங்கு, அதற்குள் மற்றவர்கள் எழுந்திருப்பார்கள் என்ற நம்பிக்கை. லட்சக்கணக்கில் கொட்டிப் புது சர்வர் வாங்கினாலும் அந்த அரை நிமிஷத் தூக்கம் மட்டும் குறையாது.

இந்த எண் வரிசைக்கு மாற்றாக 2010இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியைக் கொண்டுவந்தார்கள். எண்ணெல்லாம் வேண்டாம், யாருக்கு யார் தேவை என்று மட்டும் சொல் என்றது அது. இதை ஏற்பதா வேண்டாமா என்று டெபியன் லினக்ஸ்காரர்கள் அடித்துக்கொண்டு, 2014இல் கமிட்டி ஓட்டுப் போட்டு முடிவெடுத்து, பிடிக்காதவர்கள் தேவுவான் என்று தனிக்குடித்தனம் போன கதை தனி.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிஸ்டம்டி சொன்னதை மட்டுமே செய்யும். சர்வீஸுக்கு எழுதும் யூனிட் ஃபைலில் 'ரிக்வயர்ஸ்' என்றால் அவர் கட்டாயம் வேண்டும் என்று அர்த்தம். அவர் முதலில் வர வேண்டும் என்பதற்கு 'ஆஃப்டர்' என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். கல்யாணத்துக்குப் புரோகிதர் அவசியம் என்று மட்டும் எழுதிக்கொடுத்தால், அவர் வீட்டில் செருப்பு மாட்டும் அதே நொடியில் இங்கே தாலி கட்டி முடித்திருப்பார்கள்.

இன்னொரு கூத்து: நீ வந்த பிறகுதான் நான் என்று இரண்டு சர்வீஸும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றால், சிஸ்டம்டி ஒருவனை வரிசையிலிருந்தே தூக்கிவிடும். யாரை என்பதை லாகில் எழுதிவைக்கும். லாகை யார் படிக்கிறார்கள்?

ஆகவே யூனிட் ஃபைல் எழுதும் புண்ணியவான்களே, ரிக்வயர்ஸுக்குக் கீழேயே ஆஃப்டரையும் எழுதுங்கள். அதெல்லாம் முடியாது, ஸ்லீப் 30தான் போடுவேன் என்றால் பக்கத்திலேயே உங்கள் போன் நம்பரையும் எழுதிவையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எங்களுக்குத் தேவைப்படும்.