கல்லுருட்டி அங்கிள்

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். டெங்கிலில் ஒரு தாமானில் இந்தப் பழமொழியில் பாதிதான் செல்லும். அங்கே நாய்க்குப் பஞ்சமில்லை. கல்தான் கண்ணில் படாது. பூந்தொட்டி ஓரத்திலோ, லோங்காங் விளிம்பிலோ, பிள்ளைகள் பந்து விளையாடும் திடலிலோ பெருவிரல் பருமனுக்கு ஒரு கூழாங்கல் தலைகாட்டினால் போதும், மறுநாள் காலை நடைப்பயிற்சியில் கல்லுருட்டி அங்கிள் அதைப் பொறுக்கிவிடுவார்.

கல்லுருட்டி என்பது ஒரு ஆளில்லை, ஓர் இனம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். இனிப்புநீர் கொஞ்சம் உண்டு. இந்த வயதில் சிலர் மீன் வளர்ப்பார்கள், சிலர் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை வளர்ப்பார்கள். இவரோ தூக்கம் வராத ஓர் இரவில் யூடியூப்பில், யாரோ ஒரு வெள்ளைக்காரர் கரடுமுரடான கல்லை ரப்பர் பீப்பாய்க்குள் போட்டு மூடி, பளபளவென்று வெளியே எடுப்பதைப் பார்த்திருப்பார். அடுத்த வாரம் ஷாப்பியிலிருந்து பார்சல் வந்து வாசலில் நிற்கும்.

நம் அங்கிளின் கதையில் இன்னொரு விசேஷம் உண்டு. உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் குவாரி லோரி ஓட்டியவர். டன் டன்னாகக் கல்லைக் கொட்டிவிட்டு ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்காத மனிதர். சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹார்ன் அடிப்பவர். தே தாரிக் வர இரண்டு நிமிடம் தாமதமானால் கடைக்காரரின் பரம்பரையையே விசாரிப்பவர். அப்படிப்பட்டவர் இன்று ஒரே ஒரு கல்லுக்காக ஒரு மாதம் பொறுமையாகக் காத்திருக்கிறார். கல்லுக்கு மட்டும்தான். தே தாரிக் விஷயத்தில் எந்த மாற்றமும் இல்லை.

மெஷின் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு சின்ன மோட்டார், இரண்டு உருளைத் தண்டுகள், அவற்றின்மேல் படுத்தபடி சுற்றும் ரப்பர் பீப்பாய். பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கல், ஓரிரு கரண்டி சிலிக்கன் கார்பைட் தூள், கல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர். மூடியை இறுக்கிச் சுவிட்சைத் தட்டினால் மீதியைக் கல்லும் கல்லும் பேசி முடித்துக்கொள்ளும். முரட்டுத் தூளில் ஏழு நாள், நடுத்தரத்தில் ஏழு நாள், 500-ஆம் நம்பர் தூளில் ஏழு நாள், கடைசியாக அலுமினியம் ஆக்சைடில் மெருகுக்கு ஏழு நாள். இராப்பகலாக ஓட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே எல்லாவற்றையும் கழுவித் துடைக்க வேண்டும். முரட்டுத் தூளில் ஒரு துளி மெருகு வாரத்துக்குள் நுழைந்தாலும் கோடு விழும், மாதம் வீண்.

“எறும்பு ஊரக் கல்லும் தேயும்” என்பார் அங்கிள்.

“எறும்புக்குக் கரண்ட் பில் வராதுங்க” என்பார் ஆன்ட்டி.

சீலிங் ஃபேன் இழுக்கிற கரண்டைக்கூட இது இழுக்காது என்று அங்கிள் கணக்குக் காட்டுவார். உண்மைதான். ஆனால் ஃபேன் சத்தம் போடாது. மெஷினின் இட மாற்ற வரலாறு, அந்த வீட்டின் அரசியல் வரலாறு: முதலில் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், பிறகு சமையலறை, பிறகு துணி துவைக்கும் இடம், இப்போது பின்பக்க ஸ்டோரில், பழைய கம்பளி போர்த்தியபடி. ஆன்ட்டி ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. ஒவ்வொரு முறையும் அங்கிள் வெளியே போயிருந்தபோது மெஷின் தானாக ஓர் அறை பின்வாங்கியிருந்தது, அவ்வளவுதான்.

முதல் விபத்து குழாயில் நடந்தது. ஒரு வாரம் சுற்றிய பீப்பாயைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒரு குழம்பு இருக்கும். அங்கிள் அதை அப்படியே சிங்க்கில் ஊற்றினார். கல்தூள் வளைவில் போய் உட்கார்ந்து இறுகிவிட்டது. குழாய் பார்க்க வந்த தம்பி பைப்பைக் கழற்றி, உள்ளே இருந்ததைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், ரினோவேஷன் பண்ணுனா சிமெண்டை வெளியில ஊத்தணும்லா” என்றான். அன்றிலிருந்து குழம்பு வாளியில் தெளிந்து, கட்டியாகிக் குப்பைக்குப் போகிறது. அதையும் காயவிட்டுத் தூளாகப் பறக்கவிடக் கூடாது, நுரையீரலுக்கு ஆகாது என்று அங்கிளே மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறார், ஏதோ பிறவியிலேயே தெரிந்தவர் போல.

பாடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த இனத்தவர் வீட்டுக்குப் போகிறவர்கள் அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. 1812-இல் ஃபிரெடரிக் மோஸ் கனிமங்களின் கடினத்துக்கு ஒன்று முதல் பத்து வரை வரிசை போட்டதில் தொடங்குவார். அகேட், ஜாஸ்பர், குவார்ட்ஸ் எல்லாம் ஏழை ஒட்டிய ஜாதி, ஒன்றாகப் போடலாம். கருங்கல் தனி ஆளில்லை, கூட்டணி. குவார்ட்ஸ் தாங்கும், மைக்கா முதலில் கழன்றுகொள்ளும், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. தோட்டத்துப் பாதையில் கிடக்கும் செம்புறாங்கல் இரண்டாம் நாளே சேறு.

இந்தப் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்காத மச்சான் ஒருவர், ஈப்போவில் வாங்கிய சலவைக்கல் துண்டைக் கொண்டுவந்து, “இதையும் சேர்த்துப் போடுங்க மாமா” என்று கொடுத்துவிட்டுப் போனார். சலவைக்கல்லின் கடினம் மூன்று. ஏழுகளின் நடுவே மூன்று மாட்டினால் என்ன ஆகும்? ஒரு வாரம் கழித்து வந்தார்.

“மாமா, என் கல்லு எங்க?”

“உள்ளதான் இருக்கு. தண்ணியில.”

“பத்து வெள்ளி கொடுத்து வாங்குனது மாமா!”

“அந்த வாளியில பாதி உன்னோடதுதான். எடுத்துட்டுப் போ.”

சரித்திரமும் உண்டு. குஜராத்தில் கம்பாத் என்ற ஊரில் மோட்டார் இல்லாத காலத்தில் அகேட் மணிகளைச் சாணைத் தூளோடு தோல் பைக்குள் போட்டுக் கட்டி, எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு ஆட்கள் நாள் கணக்கில் இங்கும் அங்கும் உருட்டி மெருகேற்றுவார்கள். இதை அங்கிள் உற்சாகமாகச் சொல்லும்போதெல்லாம் ஆன்ட்டி மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். எதிரே உட்காரச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

கல் சேர்ப்பதுதான் பெரிய பாடு. கோம்பாக் பக்கம், கிள்ளான் கேட்ஸ் அணைக்கு அருகே, 14 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரே குவார்ட்ஸ் மலைத்தொடர் இருக்கிறது; உலகிலேயே நீளமானவற்றில் ஒன்று. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் கை வைக்கக் கூடாது. அங்கிள் அவ்வப்போது மெலாவத்தி வரை காடியை ஓட்டிப்போய், தூரத்திலிருந்து அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்புவார். தாமான் திடலில், வெறுங்காலோடு நடப்பதற்காகச் சிமெண்டில் கூழாங்கல் பதித்த ரிஃப்ளெக்ஸாலஜி பாதை ஒன்று இருக்கிறது. அதில் நடக்கிறவர்கள் எல்லோரும் கால் வலியில் முனகுவார்கள், இவர் மட்டும் குனிந்தபடி, “ஜாஸ்பர்... ஜாஸ்பர்... ஆஹா, இது கார்னீலியன்” என்று முனகிக்கொண்டே போவார். அதில் ஒரு கல் பெயர்ந்தபோது அக்கம்பக்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

டெங்கிலுக்கு கேஎல்ஐஏ பக்கம். ஊருக்குப் போகிற உறவினர்களை விமானமேற்றி விடுவது பெரும்பாலும் அங்கிள் பொறுப்பு. இலவசம். கூலி ஒன்றே ஒன்று: “பவானிப் பக்கம் போனா ஆத்தங்கரையில நாலு கல்லு எடுத்துட்டு வா.” முன்பெல்லாம் பெட்டியில் முறுக்கும் பொடியும் வரும். இப்போது ஸ்கேனில் பெட்டியை நிறுத்தி, “என்ன இது?” என்று கேட்கும் அதிகாரியிடம் “கல்” என்று சொல்வதற்குள் உறவினருக்கு வியர்த்துவிடுகிறது. கூடுதல் எடைக்குப் பணம் கட்டிய ஒருவர், அதற்குப் பிறகு கிராப் பிடித்தே ஏர்போர்ட் போகிறார்.

அலமாரியில் எல்லாக் கல்லுக்கும் மேலே தனியாக ஒன்று உண்டு. வெள்ளைக் குவார்ட்ஸ், கோழிமுட்டையில் பாதி. அங்கிளின் அப்பா பால் வெட்டியது பிராங் பெசார் தோட்டத்தில். முதல் உலகப் போருக்குப் போய்வந்த ஆங்கிலேய அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம். பெயரிலேயே பெரும் போர் இருக்கிறது. அந்தத் தோட்டமும் பக்கத்துத் தோட்டங்களும்தான் தொண்ணூறுகளில் புத்ராஜெயா ஆயின. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தன. “இது எங்க லயத்து வாசல்ல கிடந்த கல்லு. இப்ப அங்க மினிஸ்திரி இருக்கு” என்பார். மற்றக் கல்லை எல்லாம் யார் வேண்டுமானாலும் தொடலாம். இதை அவரே துடைப்பார். மெஷினிலும் போடவில்லை. இதை ஏன் மெருகேற்றவில்லை என்று கேட்டால் மட்டும், மோஸைப் பற்றிப் பேசுகிற அந்த வாய் மூடிக்கொள்ளும்.

இருபத்தெட்டாம் நாள் அந்த வீட்டில் விசேஷ நாள். சோப்புத் தண்ணீரில் கடைசியாகச் சில மணி நேரம் சுற்றவிட்டு, ஆன்ட்டியின் அரிசிச் சல்லடையில் கொட்டி அலசுவார். ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகுதான், அதை நம்பக் கூடாது. காய்ந்த பிறகும் மின்னுகிறதா என்பதே பரீட்சை. பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து டியூப்லைட்டுக்குக் கீழே சாய்ப்பார். கல்லின் முதுகில் விளக்கு ஒரே கோடாக, ஓரம் கலையாமல் விழுந்தால் பாஸ். கலங்கித் தெரிந்தால் மறுபடி பீப்பாய்க்கு. ஒரு மாத உழைப்பில் பாஸ் ஆவது ஒரு கைப்பிடி. அதில் பாதி கல்யாண வீடுகளுக்கு மொய்க் கவரோடு போகும். மணமக்கள் கவரைத் தடவிப் பார்த்து, தங்கக் காசு என்று ஒரு நிமிடம் சந்தோஷப்படுவார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உருவாகக்கூடும். அறிகுறி எளிது: நடைப்பயிற்சிக்குப் போய் வந்தவரின் சட்டைப்பை ஒரு பக்கமாகத் தொங்கும். தடுக்க முயலாதீர்கள், அதனால் பயனில்லை. கடைக்குப் போய் இன்னொரு சல்லடை வாங்கி வந்துவிடுங்கள். சமையலறையில் இருப்பது இனி உங்களுடையது இல்லை.