இல்லாத ஈதரும் காணாமல் போன சொம்பும்

உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் ஒரு நீல ஒயர் செருகியிருக்கும். கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அதுதான் ஈதர்நெட். உலகத்திலேயே இல்லாத ஒரு பொருளின் பெயரை இத்தனை கௌரவமாகச் சுமந்துகொண்டு நிற்கிறது!

19ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகளுக்கு ஒரு கவலை. ஒளி என்பது அலை என்றால், அது எதிலாவது நீந்தித்தானே நம்மிடம் வந்து சேரவேண்டும்? சரி, அதற்கு 'ஈதர்' என்று பேர் வைப்போம் என்றார்கள். எங்கும் நிறைந்தது, கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அகப்படாது. கோயில் ஒன்றுதான் கட்டவில்லை. 1887-ல் மைக்கல்சன், மார்லி என்ற இரண்டு அமெரிக்கர்கள் கருவியும் கையுமாக அதைத் தேடிப் போனார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அப்படி அனாதையாகக் கிடந்த பெயரைத்தான் 1973 மே 22 அன்று பாப் மெட்காஃப் தத்தெடுத்தார். அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர்களை ஒரே ஒயரில் இணைப்பது எப்படி என்று ஒரு மெமோ தயார் செய்தார். எதற்காக? மனிதகுலத்தை ஒன்றுசேர்க்கவா? அடப் போங்க சார், பிரிண்ட் எடுக்க!

நிஜமாகத்தான். மற்ற இடங்களில் பீரோ சைஸ் கம்ப்யூட்டர் ஒன்றை ஊரே பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே ஆளுக்கொரு மேஜைக் கம்ப்யூட்டர் கொடுக்கும் முயற்சி நடந்தது. பக்கத்திலேயே கேரி ஸ்டார்க்வெதர் உருவாக்கிய லேசர் பிரிண்டர், விநாடிக்கு ஒரு பக்கம் துப்பத் தயாராக நின்றது. ஆனால் அந்த வேகத்துக்குத் தீனி போட ஒயர் இல்லை. ஆக, இன்றைய ஆபீஸ் நெட்வொர்க்கின் பூர்வீகம் பிரிண்டர் க்யூ.

நம்ம மெட்காஃபின் முன்கதையும் சுவாரசியம்தான். முந்தைய வருடம்தான் ஹார்வர்டு அவருடைய டாக்டர் பட்ட ஆய்வைத் திருப்பி அடித்திருந்தது. தியரி போதாதாம்! 'அலோஹாநெட்' பற்றி அப்போது அவர் படித்த ஒரு கட்டுரை கைகொடுத்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் கோஷ்டி 1971-ல் ஓடவிட்ட ரேடியோ நெட்வொர்க் அது. (கடலில் அலைச்சறுக்கு ஆடலாம் என்றுதான் ஏப்ரம்சன் ஹவாய்க்கு வேலைக்குப் போனார் என்பார்கள். கொடுத்து வைத்தவர்.) அங்கே யாருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசலாம். ரெண்டு பேர் பேச்சு மோதினால், கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசவேண்டும். அதன் கணக்கைச் சரிசெய்து ஆய்வில் சேர்த்தார் மெட்காஃப், பட்டம் வந்தது. அதே சமாச்சாரத்தை ஒயருக்குள் திணித்தார், ஈதர்நெட் வந்தது. சாலிடரிங் இரும்போடு கூட நின்றவர் டேவிட் பாக்ஸ். முதல் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். செருப்புக் கடை விலை மாதிரி, 3 என்று முழுசாகச் சொல்ல மனசு வரவில்லை!

அந்தக் காலத்து ஈதர்நெட் எப்படி வேலை செய்தது? கல்யாண வீட்டுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது பேசுகிறார்களா என்று ஒரு காது. அமைதியாக இருந்தால் நாம் ஆரம்பிக்கலாம். அதே விநாடி ஒன்றுவிட்ட மாமாவும் வாயைத் திறந்தால், ரெண்டு பேரும் நிறுத்தி, ஆளுக்கு ஒரு கணக்கில் காத்திருந்து, மறுபடி தொடங்கவேண்டும். மோத மோத காத்திருக்கும் நேரத்தின் வரம்பு இரட்டிப்பாகும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் விட்டுவிடும். நம் மாமா விடமாட்டார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஐபிஎம் நாட்டாமைக்கு இந்தக் கூச்சல் பிடிக்கவில்லை. 1985-ல் 'டோக்கன் ரிங்' என்று தனிப் பஞ்சாயத்து கூட்டியது. ஒரு சொம்பு கைமாறி வந்துகொண்டே இருக்கும். சொம்பு யார் கையில் இருக்கிறதோ, அவர் மட்டும்தான் பேசலாம். என்ன ஒழுங்கு, என்ன மரியாதை! சரி, நடுவில் சொம்பே காணாமல் போய்விட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. புதுச் சொம்பு விடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டருக்குக் கண்காணிப்பாளர் பதவி. இப்படி அழகாக யோசித்துச் செய்த சரக்கு, விலையில் அடிவாங்கியது. கல்யாண வீட்டுக் கூச்சல் சல்லிசாகக் கிடைக்கும்போது பஞ்சாயத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

ஈதர்நெட் சின்ன ஆபீஸ்களை வளைத்த கதை இன்னும் தமாஷ். 1979-ல் மெட்காஃப் 'த்ரீகாம்' என்று கம்பெனி ஆரம்பித்து, மூன்று கம்ப்யூட்டரை இணைக்கும் கிட் விற்றார். வாங்கியவர்கள், "வேலை செய்யுது, ஆனா பெருசா உபயோகமில்லையே" என்றார்கள். உங்கள் நெட்வொர்க் சின்னது, இன்னும் நிறைய இணையுங்கள் என்றார் இவர். அதாவது, இன்னும் நிறைய வாங்குங்கள்! இந்த வியாபார வாதம்தான் பிற்பாடு 'மெட்காஃப் விதி' என்று பாடப் புத்தகத்தில் ஏறியது. அதே காலத்தில் சர்வர் பக்கம் கொடிகட்டிப் பறந்த நாவெல் கம்பெனியின் 'நெட்வேர்' சாஃப்ட்வேரோ, கூடவே 'ஸ்னைப்ஸ்' என்று ஒரு சுட்டு விளையாடும் கேமையும் கொடுத்தது. நெட்வொர்க்கைச் சோதித்துப் பார்க்கத்தானாம். அத்தனை ஆபீஸிலும் சோதனை மும்முரமாக நடந்திருக்கும்.

தொண்ணூறுகளில் நான் குப்பை கொட்டிய ஆபீஸில் எட்டு கம்ப்யூட்டர், ஒரு சர்வர், வரிசையாக மேஜை மேஜையாய்ப் போகும் ஒரு கறுப்பு ஒயர். அதன் ரெண்டு முனையிலும் 'டெர்மினேட்டர்' என்று கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடி. உள்ளே 50 ஓம் ரெசிஸ்டர். அது இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். ஒருநாள் மொத்த ஆபீஸும் படுத்துவிட்டது. சர்வீஸ் இன்ஜினியர் அரை நாள் மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்தார். சாயந்திரம் மானேஜர் தன் டிராயரைத் திறந்து, குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து அந்த மூடியை எடுத்து நீட்டினார். "இதுவாப்பா? எந்த ஒயரும் போகாம சும்மாதானே தொங்கிட்டிருந்துச்சு. தொலைஞ்சிடப் போகுதேன்னு நான்தான் பத்திரமா எடுத்து வெச்சேன்."

மானேஜர்களை மட்டும் சொல்வானேன்? ஒயரைக் கண்டுபிடித்த மகானே 1995 டிசம்பரில் 'இன்ஃபோவேர்ல்டு' பத்திரிகையில், 1996-ல் இன்டர்நெட் குப்புற விழுந்துவிடும் என்று எழுதினார். தப்பானால் எழுதியதையே தின்கிறேன் என்று சபதம் வேறு. 1996 வந்தது, போனது. இன்டர்நெட் குண்டுக்கல்லாக நின்றது. 1997 ஏப்ரலில் சான்டா கிளாராவில் நடந்த வெப் மாநாட்டு மேடையில், தான் எழுதிய பத்தியின் வடிவத்தில் ஒரு பெரிய கேக்கைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தார் மெட்காஃப். கூட்டம் விடவில்லை. கடைசியில் அச்சடித்த காகிதத்தையே மிக்ஸியில் போட்டு, திரவம் ஊற்றி அரைத்து, அத்தனை பேர் முன்னாலும் முழுங்கினார்.

புத்தாண்டு பலன் சொல்லும் டி.வி. ஜோசியர்கள் கவனிக்கவும்.