சின்ன மேடுதான், சார்!

மலைகளின் உயரத்தை அளந்து சொல்வதற்கென்று நில அளவைத் துறையார் நூதனமான கருவிகள் பலவற்றை வைத்திருக்கிறார்கள். ஆனால் நியூசிலாந்து தேசத்தின் ஆக்லாந்து நகரத்தில் வசிக்கும் தமிழ்ச் சைக்கிள் யாத்திரிகர் கையாளும் அளவை அந்தக் கருவிகள் எதற்கும் அகப்படுவதன்று. அவருடைய மலைகள் புறப்படுவதற்கு முன்னால் ஓர் உயரத்திலும், போய்த் திரும்பிய பின் வேறோர் உயரத்திலும் நிற்பவை. சனிக்கிழமை சாயங்காலம் ஸாண்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் நம்மைத் தோளில் தட்டி, "நாளைக் காலை வைட்டாக்கரே பக்கம் ஒரு சுற்றுப் போய் வரலாம், வாருங்கள், சின்ன மேடுதான், சார்!" என்று அவர் அழைக்கும்போது, அந்த மேடு ஏறக்குறைய நம் வீட்டு வாசற்படி அளவில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் யாரோ ஒருவர் வீட்டுச் சீமந்தத்தில், பக்கத்து இலைக்காரரிடம் அவர் அதைப் பற்றிப் பிரஸ்தாபிக்கும்போது, அதே மேடு கைலாயத்துக்கு ஒரு முழம் மட்டும் குறைவாக வளர்ந்துவிடுகிறது.

இந்த மகானுபாவரைக் கண்டுகொள்வது கடினமன்று. வயது நாற்பத்தைந்துக்கு மேல். உத்தியோகம் கம்ப்யூட்டரையோ கணக்கையோ சார்ந்தது. ஜனனம் பெரும்பாலும் தஞ்சை ஜில்லாவைப் போன்ற சமவெளியில், அதாவது ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறுவதே பர்வதாரோகணமாகக் கருதப்படும் ஊர்களில். மணிக்கு இவ்வளவு என்று வாடகைச் சைக்கிள் எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துக் கற்றுக்கொண்டவர். பாலத்து ஏற்றம் வந்ததும் மானாபிமானம் பார்க்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர். விளக்கில்லாமல் வந்ததற்காகவும் டபுள்ஸ் ஏற்றியதற்காகவும் போலீஸ்காரர் முன்னால் கைகட்டி நின்றவர். பிறகு உத்தியோகம் கிடைத்த கையோடு தவணையில் ஸ்கூட்டர் வாங்கிச் சைக்கிளுக்குத் தலைமுழுகியவர். அப்பேர்ப்பட்டவர் கடல் கடந்து வந்து, வீடும் காரும் வாங்கி, ரத்தத்தில் சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் வாங்கிய பிறகு, ஊரில் ஒரு காரே வாங்கக்கூடிய தொகைக்கு ஒரு சைக்கிளை வாங்கி, அதை வெளியில் வைத்தால் ஈரம் படும் என்று வீட்டுக் கூடத்திலேயே சாய்த்து வைக்கிறார்.

அந்தச் சைக்கிளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் குறுக்கிடுவது அபாயகரம். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல், ஆகவே பெடலை ஒரு முறை சுற்றினால் டயரும் சரியாக ஒரே முறை சுற்றும், எந்த ஏற்றமும் ஏற்றமாகத் தெரியாது என்பது அவருடைய சித்தாந்தம். ஏற்றம் தெரியாமலிருப்பதற்கும் வண்டி நகராமலிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறிது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. வண்டியின் எடையில் முந்நூறு கிராம் குறைப்பதற்காகச் சக்கரங்களை மாற்றியிருக்கிறார். அந்த லாபம் முழுவதையும் பின்னால் கட்டிய பையிலுள்ள புளியோதரையும் எலுமிச்சை ஊறுகாயும் நஷ்டக் கணக்கில் எழுதிவிடுகின்றன.

இந்த ஊரின் பூகோளமும் அவருக்கு உடந்தை. வைட்டமாட்டா, மனுக்காவு என்னும் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இந்நிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை சாந்தமான பசும்புல் குன்றுகள். 196 மீட்டர் உயரமுள்ள மவுங்காபாவு என்னும் ஈடன் குன்றை அவர் குன்றென்றே ஒப்புக்கொள்வதில்லை. அது அவருக்குக் காலைப் பயிற்சி. தென்கிழக்கில் ஹுனுவா மலைத்தொடர் 688 மீட்டர் வரை எழும்புகிறது. மேற்கில் வைட்டாக்கரே தொடர், மரப்பெரணிகளும் மழையும் மூடுபனியுமாக டாஸ்மன் கடலை நோக்கி இறங்குகிறது. அந்த வைட்டாக்கரேதான் அவருடைய பிரதான க்ஷேத்திரம்.

அங்கே டிட்டிராங்கியிலிருந்து ஸ்வான்ஸன் வரை மலைமுகட்டை ஒட்டி வளைந்து வளைந்து போகும் ஸீனிக் டிரைவ் என்ற சாலையில் கிளம்பி, நடுவில் திரும்பி, பிஹா கடற்கரைக்கு நம்மை அழைத்துப் போவதில் அவருக்குத் தனிப்பட்ட பிரீதி உண்டு. "கடைசியில் ஒரே இறக்கம், பெடலைத் தொடவே வேண்டாம்" என்பார். அது சத்தியம். ஒரு வளைவில் திடீரென்று மரங்கள் விலக, கீழே கறுப்பு மணற்பரப்பும், அலைகளுக்கு எதிரே தன்னந்தனியாக நிற்கும் லயன் ராக் என்னும் பாறையும் கண்ணில் படும்போது, இந்த ஒரு தரிசனத்துக்காகவே அவருடைய சகல அபராதங்களையும் க்ஷமித்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் பிஹாவுக்குப் போக ஒரே சாலை. வரவும் அதே சாலைதான். இந்த அற்ப விஷயம், கடற்கரையில் கால் நனைத்து, மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் உண்டு, சிரமபரிகாரம் செய்துகொண்ட பிறகே, அதுவும் நாம் கேட்டால்தான், வெளிப்படுகிறது.

பக்கத்துக் கடற்கரையாகிய காரேகாரேயின் இறக்கம் இதைவிடக் கொடியது. அங்கேதான் ஜேன் காம்பியன் 1993-இல் வெளிவந்த "தி பியானோ" திரைப்படத்தின் கடற்கரைக் காட்சிகளை எடுத்தார் என்பதை அவர் தமது கட்சிக்குச் சாட்சியாகக் கொண்டுவருவார்: "பியானோவையே இறக்கி ஏற்றியிருக்கிறார்கள், நாம் சைக்கிளை ஏற்ற மாட்டோமா?" பியானோவின் கீழ் எத்தனை பேர் தோள் கொடுத்திருப்பார்கள் என்ற கணக்கு அவருக்கு அநாவசியம். 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜனவரி வெள்ளமும் அதைத் தொடர்ந்து கேப்ரியேல் புயலும் வந்து, மண்சரிவுகளால் இந்தச் சாலைகள் அறுபட்டுக் கிடந்த நாட்களில், அவர் நெருங்கிய பந்துவை ஆஸ்பத்திரியில் சேர்த்தவருடைய முகத்தோடு நடமாடினார். அந்தக் காலத்தில் அவருடைய நண்பர்கள் அடைந்த தேகாரோக்கியத்தை அவர் கவனிக்கவில்லை.

கிழக்குப் பக்கம் போனால் தர்மம் வேறு. கிளீவ்டன், கவாகவா விரிகுடா, ஓரேரே என்று போய்க் காயாவாவில் முடியும் அந்த மார்க்கத்தில் மலையைவிடக் காற்றே பிரதானம். போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போதும் எதிர்க்காற்று, நடுவில் திசை மாறியது என்று அவர் பிரமாணம் செய்வார். காயாவாவுக்குத் தெற்கே மிராண்டாவின் சேற்றுக் கரைக்கு அலாஸ்காவிலிருந்து கரைப்பறவைகள் வருகின்றன. 2007-இல் அவற்றுள் ஒன்று, விஞ்ஞானிகள் உடலில் பொருத்திய கருவி சாட்சி சொல்ல, 11,680 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல், உண்ணாமல், எட்டே நாளில் கடந்து இந்தக் கரைப் பக்கம் வந்து சேர்ந்தது. இந்த விருத்தாந்தத்தை அவர் கண்ணில் நீர் மல்க நமக்குச் சொல்லும் இடம் கிளீவ்டன் காப்பிக்கடை; அன்றைய தினத்தின் மூன்றாவது பிளாட் வைட் அப்போதுதான் மேஜைக்கு வந்திருக்கும்.

வசந்த காலத்தில் மற்றொரு பறவையும் அவர் சரித்திரத்தில் பங்கு கொள்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மாக்பை என்னும் கறுப்பு வெள்ளைப் பட்சி, குஞ்சு பொரிக்கும் பருவத்தில், சைக்கிளில் போகிறவர்களின் தலையைக் குறிவைத்துப் பாயும். இந்த நாட்டில் 1994 முதல் சைக்கிள்காரர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம். சட்டம் போட்டவர்கள் காரை நினைத்தார்களோ பறவையை நினைத்தார்களோ, நானறியேன். நம்மவர் அந்த ஹெல்மெட்டில் நாலா பக்கமும் பிளாஸ்டிக் கட்டுக்கொடிகளை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு வரும் கோலத்தைக் கண்டு பறவை பயப்படுகிறதோ இல்லையோ, வேலிக்கு உள்ளே மேயும் பசுக்கள் மிரளுகின்றன.

அவருக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில்தான்: துறைமுகப் பாலம். 1959 மே 30-ந் தேதி நான்கு வரிசைப் பாதையோடு திறந்து, பத்து வருஷத்தில் ஜப்பானிலிருந்து துண்டுகள் வரவழைத்து எட்டு வரிசையாக அகட்டிய அந்தப் பாலத்தில், நடப்பவனுக்கும் சைக்கிளில் போகிறவனுக்கும் ஒரு சாண் இடம்கூட ஒதுக்கவில்லை. 2021 ஜூனில் சர்க்கார் 785 மில்லியன் டாலர் செலவில் அவர்களுக்கென்று தனிப் பாலமே கட்டப்போவதாக அறிவித்தது. அவர் இனிப்பு வழங்கினார். அக்டோபரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இனிப்பு உண்டவர்கள் உண்டதுதான். இன்றைக்கும் எதிர்க்கரைக்குச் சைக்கிளோடு டெவன்போர்ட் படகுக்காக நிற்கும்போது அவர் பாலத்தைப் பார்க்கும் பார்வையை ஒரு சிற்பி செதுக்கி வைக்கலாம்.

படகுத்துறையில் காத்திருக்கும் வேளையில் தமது கைப்பிடி மணியை ஒரு தரம் அடித்துவிட்டுத் தமிழ் மணியின் கதையை எடுப்பார். 1836 வாக்கில் வில்லியம் கோலென்ஸோ என்ற மிஷனரி, வாங்கரே பக்கத்து மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது உண்மையில் உடைந்த கப்பல் மணி. அதன் மேல் தமிழெழுத்து. முகையதீன் என்ற பெயர் தாங்கிய கப்பலுடையது. இப்போது வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்படி இங்கே வந்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் நிர்ணயிக்கவில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு: அந்தக் கப்பல்காரரிடம் யாரோ ஒரு நண்பர், "சின்ன அலைதான், மரைக்காயரே!" என்று சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அவரைப் பொய்யர் என்று முத்திரை குத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளபடியே உயரத்தைச் சொன்னால் நம்மில் ஒருவரும் படுக்கையை விட்டு எழுந்திருக்கமாட்டோம். ஏறி முடித்ததைக் குறைத்துச் சொன்னால், பந்தியில் அடுத்தவன் காதும் கொடுக்கமாட்டான். ஆகவே முன்னால் பிடித்துக்கொண்டதைப் பின்னால் வட்டியோடு சேர்த்துத் திருப்பித் தருகிறார் என்றே கொள்ள வேண்டும். மேலும் இது ஒட்டுவாரொட்டி. போன வருஷம் ஸ்வான்ஸன் ஸ்டேஷன் பெஞ்சியில் மல்லாந்து கிடந்து, இனி இந்த ஜன்மத்தில் சைக்கிளைத் தொடுவதில்லை என்று சபதம் செய்த இளைஞர் ஒருவர், ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய ஒரு தம்பதியிடம் அண்மையில் வைஹெக்கே தீவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். படகில் நாற்பது நிமிஷம், அப்புறம் சமதரைதான் என்றார். வைஹெக்கேயில் சமதரை என்பது படகுத்துறையின் பலகை மட்டுமே.

குருநாதருக்கு வந்த சோதனை வேறு திசையிலிருந்து வந்தது. இத்தனை வருஷம் காரில் பின்தொடர்ந்து, வளைவுதோறும் நிறுத்தி மோர் கொடுத்துக்கொண்டிருந்த அவருடைய தர்மபத்தினி, ஒரு நாள் தாமாகவே போய் பேட்டரி வைத்த சைக்கிள் ஒன்று வாங்கி வந்துவிட்டார். பேட்டரி வண்டி சைக்கிளே அன்று, அது ஒரு மோசடி வாகனம் என்று அவர் வாதாடினார். மோட்டார் 300 வாட்டுக்கு மேற்படாதவரை இந்த நாட்டுச் சட்டப்படி அது சைக்கிள்தான் என்று அம்மையார் எடுத்துக் காட்டினார். மறு ஞாயிறு பிஹா ஏற்றத்தில், நம்மவர் 34-க்கு 34 என்ற தமது சித்தாந்தத்தைச் சாதித்துக்கொண்டிருந்த சமயம், பின்னாலிருந்து மெல்லிய ரீங்காரத்தோடு வந்து பக்கவாட்டில் சேர்ந்த அம்மையார், மூச்சு வாங்காத குரலில், "என்னங்க, நான் முன்னால் போய் உங்களுக்கும் ஒரு காப்பி சொல்லி வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வளைவில் மறைந்தார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் மலைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. சென்ற வாரம் ஒரு சைக்கிள் கடையில் பேட்டரி ஒரு தரம் சார்ஜ் செய்தால் எத்தனை தூரம் ஓடும், தவணையில் கொடுப்பார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தவரை நான் பார்த்துவிட்டேன். தமக்கல்லவாம், தீபாவளிக்கு ஊரிலிருந்து வரப்போகும் மைத்துனருக்காம்.