பெரக்கரை நாட்டில் வாடகை வீட்டுக்கு ஆள் வைத்தல்: ஒரு மூலபாட ஆய்வு

கொல்லிமலைப் பெரக்கரை நாட்டில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாமக்கல்லில் குடியிருப்பவர், அதைப் பார்த்துக்கொள்ள யாரை வைப்பது? இவ்வினா தமிழாய்வில் இதுகாறும் எழுப்பப்படவில்லை. ஆதன் ஓரியும் வல்வில் ஓரியும் ஒருவரா இருவரா என்று வழக்காடவே நம்மவர்க்குப் பொழுது போதவில்லை. ஒழுகும் குழாயைப் பார்க்கக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்து, மறுபடி 70 இறங்கிய வீட்டுக்காரர்க்கே இவ்வினாவின் ஆழம் விளங்கும்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலிருக்கும் வாடகைச் சட்டம் (இயற்றியது 2017) வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளைச் சொத்து மேலாளர் என்கிறது. வாடகை வாங்கி ரசீது தருவார், பழுது பார்ப்பார், நோட்டீஸ் கொடுப்பார். வீட்டுப் பலாமரத்தைப் பற்றிச் சட்டம் மூச்சுவிடவில்லை. இப்பெருங்குறையைப் பின்னர்க் காண்போம்.

இத்தொழிலின் தோற்றத்தை முதலில் ஆராய்வாம். முள்ளூர் மன்னன் காரி, கொல்லியை ஆண்ட ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரர்க்குக் கொடுத்தான் என்பது அகநானூறு 209ஆம் பாட்டில் கல்லாடனார் தரும் செய்தி. ஒருவர் இடம், இன்னொருவர் கைக்கு, மூன்றாமவர் வழியாகப் போயிருக்கிறது. இதைப் புரோக்கர் வேலை என்னாது வீரம் என்று எழுதிப்போன உரைகாரர்களை என்னென்பது! காரி பெற்ற கமிஷன் எவ்வளவு? பாட்டில் இல்லை. ‘ஒரு மாத வாடகை’ என்பது டீக்கடை உரை. ‘இரண்டு பக்கமும் வாங்கியிருப்பான்’ என்பது செம்மேட்டு பஸ் நிறுத்தப் பாடம். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு மடித்த தாளாகக் கிடைத்த பிரதியில், ‘அட்வான்சு இன்னும் வரவில்லை’ என்றொரு வரி மிகுதியாகக் காணப்படுகிறது. அன்னாசிச் சாறு பட்டு எழுவாய் அழிந்துவிட்டதால் தராதவன் காரியா சேரனா என்று துணியக்கூடவில்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கலாகாது என்னும் இக்காலப் பொதுவிதி சேரன் அவையில் வழங்கிற்றா என்பதும் தெரியவில்லை. அவ்வரி இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். தமக்குப் பொருள் விளங்காத எதையும் அவர்கள் அப்படித்தான் சொல்வர். தாளைப் பாராமலே அதன் காலத்தைக் கணித்து, அதற்கு முனைவர் பட்டமும் வாங்கிவிட்டனர் மறுசாரார்.

இனி மேலாளர் வகைகள். பங்காளி: விலக்கு.

சிரித்த முகத்தர்: கொல்லிப்பாவை மரபினர். பாவை சிரித்து ஆளைக் கொல்லும் என்பது தொல்கதை. இவரும் சிரித்தபடியே கணக்கு நீட்டுவார். அதில் வாஷர் விலையைக் காட்டிலும் பிளம்பர் ஏறி இறங்கிய செலவு பெரிது. வளைவுக்கு ஒரு வரியாக எழுதியிருப்பார். இருபத்திரண்டாம் வளைவில் டீ.

டவர் கிடைக்காதவர்: வாடகைத் தேதிக்கு மட்டும் கிடைக்காது.

இப்போது பலாமரம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதியச் சொன்னதால், நாடெங்கும் பதினொரு மாத ஒப்பந்தம் பழகிப்போயிற்று. எத்தனை மாதமானாலும் எழுதிப் பதிய வேண்டும் என்று புதுச்சட்டம் வந்தும் பழக்கம் விடவில்லை. சரி, எஞ்சிய பன்னிரண்டாம் மாதம் யாருடையது? வீட்டுக்காரர் அதை மறந்துவிட்டார்; குடியிருப்பவர்க்கு அது ஒப்பந்தத்தில் இல்லை. அது மேலாளருடையது என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. கைதேர்ந்த மேலாளர் ஒப்பந்தத்தை ஆடியில் தொடங்கிவைப்பார். பதினொரு மாதம் வைகாசியோடு முடியும். எஞ்சுவது ஆனி. ஆனியில் மரத்தில் என்ன தொங்கும் என்பதை மலைக்காரர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடியில் யாராவது குடிபோவார்களா எனின், அது சமவெளி விதி. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் ஏறும் மலையில் அவ்விதிக்குப் புறனடை உண்டு என்று மேலாளர்கள் வாய்மொழியாகக் காத்துவரும் ‘பலாச்சுளை நூற்பா’ கூறும். அந்நூற்பாவின் ஏடு எங்கே என்று கேட்டால், மழையில் நனைந்தது என்பர். காய்ந்த பின் கேட்டால், கரையான் தின்றது என்பர். கரையானைக் கேட்க முடியாதாகையால் ஆய்வுலகம் அதை ஏற்றுக்கொண்டது.

எனவே ஆளைத் தேர, சான்றிதழும் சிபாரிசும் வேண்டா. ‘நம்ம மரத்துல பலா எத்தனைங்க?’ என்று ஒரு கேள்வி போதும். ‘இந்த வருஷம் காய்க்கவே இல்லைங்க’ என்பவர் விற்றுவிட்டார். எண்ணிக்கையைப் பட்டெனச் சொல்பவர் விலை பேசிவிட்டார். ‘குரங்கு தின்னுடுச்சுங்க’ என்பவர் குரங்கின் மேல் பழிபோடுமளவு படித்தவர், கூடவே கூடாது. ‘நீங்க மேல வர்றப்ப ரெண்டு பழம் எடுத்து வைக்கிறேனுங்க’ என்பவரிடம் சாவியைக் கொடுக்கலாம். மரத்தில் பழம் இருப்பதை ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.